உருளைக்கிழங்குக்கு வைத்த பெயர்

1986 செப்டம்பர் 20, சனிக்கிழமை

அன்புள்ள ஜினெட்,

இன்று காலை எழுந்ததும் காபிகூடப் போடாமல் முதலில் செய்த காரியம், பள்ளிக்கூடத்துக்குப் போய் வட்டமாகக் கிடந்த நாற்காலிகளைப் பிரித்து வரிசையில் போட்டதுதான். மூன்று வாரத்துக்கு யாரும் அந்த அறைக்குள் வரப்போவதில்லை. கிழங்கு எடுக்கும் விடுமுறை தொடங்கிவிட்டது, பிள்ளைகள் எல்லோரும் வயலில்தான் இருப்பார்கள். ஆனாலும் அந்த வட்டம் அங்கேயே இருக்கிறது என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. உன் நொயெல்லா உட்கார்ந்திருந்த நாற்காலி எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அது மட்டும் பின்னால் நகர்ந்து சுவரை ஒட்டிக் கிடந்தது.

நேற்று நீ அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராகப் பாலம் தாண்டி, அக்கரை நாட்டில் இருக்கும் உன் கில்பர்ட்டின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய் என்று ரேமண்ட் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் போன் செய்தபோது நீ பேசியது இவ்வளவுதான்: "இந்த வீட்டுல போன் சமையக்கட்டுல இருக்கு. அவ காதுல எல்லாம் விழும். சொல்றது இருந்தா எழுது." அதனால் எழுதுகிறேன்.

நான் என்ன நினைத்துச் செய்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வசந்தத்திலிருந்தே பஸ்ஸில் அவளைச் சிலர் 'அழுகல்' என்று கூப்பிடுகிறார்கள். பிறந்ததிலிருந்து அவள் கன்னத்தில் இருக்கும் மச்சத்துக்கு வேறு ஊராக இருந்தால் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து கருப்புத் தட்டிய கிழங்கைப் பொறுக்கி எறிந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அதுதான் கண்ணில் பட்டது. "யாராவது கேலி பண்ணினா பெரியவங்ககிட்ட சொல்லுங்க" என்று வருஷம் முழுக்க வகுப்பில் சொல்கிறவள் நான். இந்த மாதம் அவள் என்னிடம் வந்து சொன்னாள். பெரியம்மாவிடம் அல்ல, டீச்சரிடம் சொன்னாள். அதன் பிறகு நான் சும்மா இருக்க முடியுமா?

கோடையில் போய்ப் படித்துவிட்டு வந்தேனே, அந்த வகுப்பில் சொல்லித்தந்த வழி இது. எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு மரக்கரண்டி கைமாறிக்கொண்டே போகும். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். ஒவ்வொருவரும் தான் செய்ததைத் தன் வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். விடுமுறைக்கு முந்திய கடைசி மணி நேரத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு மூன்று வாரம் பிரிந்திருந்தால் எல்லாம் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள், ஜினெட். டேரில் அழக்கூடச் செய்தான். கரண்டி என் மோனிக்கிடம் வந்தபோது அவள், "நான் ஒண்ணும் சொன்னதில்லை" என்றாள். மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த பிள்ளை கரண்டியை வாங்குவதற்குள் நொயெல்லா எழுந்து ஓடிவிட்டாள்.

எங்கே தவறினேன் என்று எனக்குப் புரியவில்லை. நீ சொல்.

லூசில்


செப்டம்பர் 25

அக்கா,

உன் வீட்டு மாடி ஜன்னல் இங்கிருந்து தெரிகிறது. ஆனால் உன் கடிதம் எல்லை தாண்டி எங்கெங்கோ சுற்றிவிட்டு நாலு நாள் கழித்து வந்தது. நல்லதாகப் போயிற்று. அன்றைக்கே வந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

எங்கே தவறினேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

அந்தப் பெயரை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உன் வகுப்பில் நாலைந்து பேர். பாதிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. நீ எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தெரியப்படுத்தினாய். "உன்னை அழுகல்னு கூப்பிட்டேன், சாரி." "நானும் அழுகல்னு சொன்னேன், சாரி." "நான் சொல்லல, ஆனா சிரிச்சேன், சாரி." அவள் அதை வரிசையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காதைப் பொத்தக் கூடாது, மரியாதை இல்லை. வாயைத் திறக்கக் கூடாது, கரண்டி அவள் கையில் இல்லை. அவர்கள் எல்லோரும் மனம் லேசாகி கிழங்கு எடுக்கப் போனார்கள். இவளுக்கு என்ன ஆயிற்று என்று யார் பார்த்தது?

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவள் ராத்திரி ஸ்கார்ஃபோடு தூங்குகிறாள். இங்கே கில்பர்ட்டின் அண்ணி நல்லவள். தினமும் ப்ளாய் அடை சுட்டு, வெண்ணெய் தடவி, சுருட்டித் தட்டில் வைத்து மாடிக்கே அனுப்புகிறாள். சாப்பிடுகிறாள். கீழே வரமாட்டேன் என்கிறாள்.

நேற்றுதான் என்னிடம் பேசினாள். அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்.

"பெரியம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?" என்றாள்.

"என்ன கேட்டிருக்கணும்?"

"இப்படிப் பண்ணட்டுமான்னு. என்னைப் பத்திதானே எல்லாம்."

நான், "யார் சொன்னதுடி ரொம்ப வலிச்சுது? டேரிலா?" என்றேன்.

"அவன் எப்பவும் சொல்றதுதானே. அவன் ஒரு லூசு."

"பின்ன யாரு?"

"மோனிக்."

"அவ ஒண்ணும் சொல்லலையே."

"பஸ்ல அவதாம்மா என் பக்கத்து சீட்டு. எல்லாரும் கத்துறப்ப அவ ஜன்னலுக்கு வெளிய பார்த்துட்டே வருவா. காது கேக்காத மாதிரி. அன்னிக்கு 'நான் ஒண்ணும் சொன்னதில்லை'ன்னா. பெரியம்மா அவளைப் பார்த்துத் தலையாட்டினாங்க. நல்ல பொண்ணுங்கற மாதிரி."

நீ நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த நிமிஷத்தைத்தான் சொல்கிறாள்.

ஜினெட்


செப்டம்பர் 30

அன்புள்ள ஜினெட்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன். முதல் தடவை எழுதியதில் என் படிப்பைப் பற்றியும் என் நோக்கத்தைப் பற்றியும் நிறைய இருந்தது. அதைக் கிழித்துவிட்டேன்.

தலையாட்டியது எனக்கு நினைவில்லை. ஆனால் ஆட்டியிருப்பேன். அது நான்தான்.

மோனிக்கிடம் கேட்டேன். அடுத்த நாள் வயலுக்குக் கொண்டுபோக ரொட்டியில் கறி வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ல நொயெல்லாவைப் பார்த்துக் கத்துறப்ப நீ என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"ஏன்?"

"நீதானேம்மா சொல்லியிருக்க, அவங்க சண்டைல தலையிடாத, பெரியவங்ககிட்ட போய்ச் சொல்லுன்னு."

"என்கிட்ட சொன்னியா?"

"அவளே வந்து சொன்னாளே! உனக்குத் தெரியும்னு நெனச்சேன்." பிறகு காகிதத்தை மடித்துக்கொண்டே, "ஏதாவது சொன்னா அடுத்தது என்னைப் பார்த்துத்தான் கத்துவாங்க. உனக்கு அந்த பஸ் தெரியாதும்மா" என்றாள்.

எனக்குத் தெரியாதுதான். நான் காரில் போகிறவள்.

இந்த வாரம் மோனிக்கும் நானும் அர்மான் அத்தான் வயலில் வேலை செய்கிறோம். ரேமண்டின் அண்ணன் வயலில் ஆள் குறைவு என்றால் வீட்டுப் பெண்கள் இயந்திரத்தில் ஏறித்தானே ஆக வேண்டும். ட்ராக்டர் இழுத்துப்போக, கிழங்கைத் தோண்டியெடுக்கும் அந்த இயந்திரத்தை உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நின்று, நடுவில் ஓடும் பெல்ட்டிலிருந்து கல், மண்கட்டி, கொடி, அழுகல் எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே எறிய வேண்டும். டேரிலும் எங்கள் இயந்திரத்தில்தான். எதிர்ப்பக்கம், மோனிக்குக்கு நேராக நிற்கிறான்.

இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறு யார் வாயாலோ கேட்பதைவிட என்னிடமிருந்து கேட்பது மேல். கருத்துப்போன ஒரு கிழங்கு வந்தது. டேரில் அதை எடுத்து, "இந்தா வந்துட்டா நொயெல்லா!" என்று கத்திக்கொண்டு வயலில் எறிந்தான். எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் ஒவ்வொரு அழுகலுக்கும் அதே கூச்சல். "ஏய், உன் பக்கம் ஒரு நொயெல்லா!" "ரெண்டு நொயெல்லாடா, அக்கா தங்கச்சி!" இப்போது அவர்கள் அவளை அழுகல் என்று கூப்பிடுவதில்லை. அழுகலை நொயெல்லா என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்து வயல் இயந்திரத்திலும் அதே சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளைகள் நம் பள்ளியில் படிக்கிறவர்கள்கூட இல்லை.

மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்று நினைத்தேனே. இந்த ஊரில் பிறந்தவள் நான். கை வேலை செய்ய, வாய் சும்மா இருக்க, எல்லாப் பிள்ளைகளும் நாள் முழுக்க ஒரே இயந்திரத்தில் நிற்கும் காலம் இது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடம் சொல்லித்தந்தவர்கள் நகரத்து ஆட்கள், அவர்களுக்கு விடுமுறை என்றால் பிள்ளைகள் பிரிந்து போவது. நான் அவர்கள் தலையை வைத்து யோசித்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அறுவடை விருந்தில் அந்த வருஷத்தின் அவலட்சணமான கிழங்குக்குப் பெயர் வைப்பார்களே. பிள்ளைகள் சீட்டு எழுதிப் போட, அர்மான் அத்தான் கிழங்கைத் தூக்கிப் பிடித்துப் பெயரை அறிவிப்பாரே. மாதா கோவில் மண்டபத்தில் பெட்டி வைத்தாயிற்று. இந்த வருஷம் எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர்தான் என்று மோனிக் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

நொயெல்லாவிடம் இதைச் சொல்லாதே. அல்லது சொல். எனக்குத் தெரியவில்லை. இனி அவள் விஷயத்தில் நானாக எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது.

லூசில்


அக்டோபர் 4

அக்கா,

நல்ல வேளை, கடிதம் வந்தபோது நான் தனியாக இருந்தேன்.

கில்பர்ட்டிடம் காட்டினேன். ஷிஃப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்து இன்னும் பூட்ஸ்கூடக் கழற்றவில்லை அவர். படித்துவிட்டு, "இனிமே அந்தப் பக்கம் கிடையாது" என்றார். இங்கேயே பள்ளியில் பேசிவிட்டோம். உங்கள் பள்ளி திறக்கிற செவ்வாய்க்கிழமை அன்றே இவள் இங்கே சேர்கிறாள். அதற்குள் ஏதாவது மாறினால் சொல் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. மாறாது.

நொயெல்லாவிடம் சொல்லிவிட்டேன். ஒளித்து என்ன பயன்? இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரே சொந்தக்காரர்கள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்தால் திங்கட்கிழமை அண்ணியின் காதுக்கு வந்துவிடும்.

அழவில்லை. "கிழங்குக்கு என் பேரா?" என்றாள். பிறகு, "ஒருத்தராச்சும் வேணாம்னு சொன்னாங்களாம்மா?" என்று கேட்டாள். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டேரில் கத்தியது இருக்கிறது, மற்றவர்கள் சிரித்தது இருக்கிறது, பக்கத்து வயல்கூட இருக்கிறது. நீ அதே இயந்திரத்தில் நின்றுகொண்டிருந்தாய். நீ என்ன செய்தாய் என்பது மட்டும் இல்லை.

என்ன செய்தாய், அக்கா?

கோபத்தில் கேட்கவில்லை. கோபம் போன வாரம் இருந்தது. அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "எனக்காக யாரும் கூட்டம் போட வேணாம். யாரும் என்கிட்ட சாரி கேக்க வேணாம். அவங்க சொல்றப்ப, அங்கேயே, பக்கத்துல இருக்கிற யாராவது 'சொல்லாதே'ன்னா போதும். ஒரு வாட்டி." அதைச் சொல்லிவிட்டு, "அது ரொம்பப் பெரிய விஷயமாம்மா?" என்றாள்.

இந்தக் கேள்வியையும் உனக்கே எழுதி அனுப்புகிறேன்.

ஜினெட்


அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜினெட்,

நீ கேட்டதற்குப் பதில்: ஒன்றும் செய்யவில்லை.

இயந்திரச் சத்தத்தில் யார் காதில் விழப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேரில் கத்தியது எல்லோர் காதிலும் விழுந்தது. பள்ளி திறந்ததும் முறையாகப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். நான் டீச்சர், ஆனால் அது அத்தானின் வயல், அங்கே எனக்கு என்ன உரிமை என்றும் நினைத்தேன். பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே கல் பொறுக்கினேன். மோனிக் பஸ்ஸில் ஜன்னலைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாற்பத்துநாலு.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அதை நான் மேஜையில் விட்டிருந்தேன். மோனிக் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு அழுகல் வந்தது. டேரில் அதை எடுத்து மோனிக்கின் முகத்துக்கு நேரே நீட்டி, "உங்க வீட்டு ஆளு, முத்தம் குடு!" என்றான். மோனிக் கையை மேலே நீட்டி, இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை இழுத்துவிட்டாள். மணி அடித்தது, ட்ராக்டர் நின்றது, பெல்ட் நின்றது. யார் கையாவது மாட்டிக்கொண்டால் மட்டும்தான் அந்தக் கயிற்றைத் தொடலாம் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் வேலை முழுக்க அந்த ஒரு இயந்திரத்தின் மேல் ஓடுகிறது.

அத்தான் குதித்து ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "யாரு கைடா? யாரு கை?"

யாருடைய கையும் இல்லை என்று பார்த்ததும் கத்தினார். "எவ இழுத்தது?"

"நான்தான், பெரியப்பா."

"எதுக்குடி?"

மோனிக் இன்னும் கயிற்றைப் பிடித்திருந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இயந்திரம் நின்ற பிறகு அந்த வயல் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் மறந்துபோயிருந்தேன். கடைசியில், "அவ என் சித்தி பொண்ணு. அவ பேரைச் சொல்லி எறியக் கூடாது" என்றாள். அழகாகச் சொன்னாள் என்று எழுத ஆசைதான். இல்லை. மூக்கு ஒழுகிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அதுக்கு மெஷினை நிறுத்துவியா? மழை வருதுன்னு நான் இங்க உசிரை விட்டுட்டிருக்கேன். இறங்கு. இன்னிக்கு உனக்கு வேலை கிடையாது, நட வீட்டுக்கு."

இறங்கினாள். பின்னாலிருந்து ஒருத்தன், "நொயெல்லா நம்பர் டூ!" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். டேரில் சிரிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். அவள் வரப்பில் தனியாக நடந்து போனாள். பூட்ஸில் மண் ஒட்டி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

பெல்ட் மறுபடி ஓடியது. நான் இறங்கவில்லை, ஜினெட். சாயங்காலம் வரை அங்கேயே நின்று கல் பொறுக்கினேன். அதற்குப் பிறகு அன்று எங்கள் இயந்திரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் இயந்திரத்தில் மட்டும். நொயெல்லா கேட்டதற்கு நீ இப்போது பதில் சொல்லலாம். ஒருத்தி சொன்னாள். அது ரொம்பப் பெரிய விஷயமா என்று கேட்டாளே, ஆமாம், மோனிக்குக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. சொன்ன பிறகு அவளோடு கூட நடந்து போக ஒரு ஆள் இருந்திருந்தால் சின்ன விஷயமாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது மோனிக் குளித்துவிட்டுப் படுத்திருந்தாள். "கோவமாம்மா?" என்றாள். என்னைக் கேட்கிறாள்! நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன்னோட நானும் இறங்கியிருக்கணும்" என்றேன். "ஆமா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு நான் அத்தான் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஞாயித்துக்கிழமை அந்தப் பேரை வெக்காதீங்க."

"சீட்டுல எது ஜாஸ்தியோ அதுதான் பேரு, லூசில். பிள்ளைங்க எழுதினது. நான் மாத்தினா என்னை ஏமாத்துக்காரன்னுவானுங்க."

"அது நம்ம ஜினெட் பொண்ணு."

"போன வருஷம் என் பேரைத்தான் வெச்சாங்க. வழுக்கைக் கிழங்குன்னு. நான் மேடையில நின்னு சிரிக்கலையா? சிரிச்சா போயிடும். அழுதாத்தான் ஒட்டிக்கும்."

"அவளுக்குப் பன்னிரண்டு வயசு."

"நீ அந்தப் பிள்ளையை வட்டத்துல உக்கார வெச்சு என்ன பண்ணினேன்னு ஊருக்கே தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாஸை என் பக்கம் நகர்த்தி, "உக்காரு, சாப்பிடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நம் ஊரில் யாருமே கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல்.

நொயெல்லாவை அங்கேயே சேருங்கள். கில்பர்ட் சொல்வது சரி. அவளைத் திரும்பக் கூப்பிட இந்தக் கரையில் எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை, இன்னும் இல்லை.

இந்தக் கடிதத்தை நாளைக் காலை தபாலில் போடுவேன். உன் கைக்கு வரும்போது விருந்து முடிந்திருக்கும், அண்ணியின் காதுக்கும் எல்லாம் வந்திருக்கும். அதற்கு முன்னால் என்னிடமிருந்து நீ கேட்க வழியில்லை, அதனால்தான் எழுதத் தைரியம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தான் அந்தக் கிழங்கைத் தூக்கிப் பிடித்துச் சீட்டைப் பிரிக்கும்போது, அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நிற்கப்போகிறேன். முழு ஊரும், பாதிரியாரும், தலைமையாசிரியரும், என் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இருப்பார்கள். பிரசங்கம் எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நொயெல்லாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன், அவள் பெயரும் என் வாயில் வராது. "சொல்லாதீங்க, அத்தான்." இவ்வளவுதான். சிரிப்பார்கள், அல்லது யாரும் சிரிக்காமல் என்னைப் பார்ப்பார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ரேமண்ட் தன் அண்ணனோடு பேச முடியுமா, அடுத்த வருஷம் அந்த வயலில் எங்களுக்கு வேலை இருக்குமா என்றெல்லாம் தெரியாது. ரேமண்டிடம் சொன்னால் வேண்டாம் என்பார், நான் கேட்டுவிடுவேன். மோனிக்கிடம் சொன்னால் அவளும் என்னோடு எழுந்து நிற்பாள், இந்த முறை அவள் நிற்க வேண்டியதில்லை. இருவரும் இப்போது தூங்குகிறார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

லூசில்